நடுவில் நிற்பவர் குட்டையா? தேய்ந்த உரோமச் செப்புக்காசு ஒன்றை அடையாளம் காணுதல்

பர்மாவின் மோல்மேனில் வாழும் இளைஞர் ஒருவர், தம் பாட்டனாரின் தகரப் பெட்டியில் கிடைத்த சிறு காசு ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். காசு ஏறக்குறைய வட்டமானது. குறுக்களவு 15 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசில் ஒன்றரைப் பே (பர்மியப் பொன் எடை அலகு) காட்டியிருக்கிறது. கருமை கலந்த பழுப்பு நிறம். ஒரு பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஒரு தலை தெரிகிறது. மறுபக்கத்தில் மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் இருப்பது மற்ற இரண்டையும்விடச் சற்றுக் குட்டை. உருவங்களின் தோளும் காலும் தெரிகின்றன. எழுத்து என்று சொல்லத்தக்கது எதுவும் முழுதாக மிஞ்சவில்லை. பாட்டனார் மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையிலிருந்து பர்மாவுக்கு வந்தவர். இது பர்மாவின் பழைய பியூ அரசுகளின் காலத்துக் காசு என்று வீட்டில் ஒருவரும், கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காசு என்று கடைத்தெருவில் ஒருவரும், சோழர் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று உறவினர் ஒருவரும் கூறியிருக்கிறார்கள். இது யாருடைய காசு, எந்த அரசர், பர்மா மண்ணிலேயே கிடைத்ததாக இருக்கலாமோ, புளி போட்டுத் துலக்கலாமா, என்ன விலை பெறும் என்பவை அவருடைய வினாக்கள்.

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் சரியாக இருந்தால், உங்களிடம் இருப்பது பிற்கால உரோமப் பேரரசின் செப்புக்காசு. அதன் பின்பக்கத்தில் நிற்பவர்கள் மூன்று பேரரசர்கள். கி.பி. 406 முதல் 408 வரையான மிகக் குறுகிய காலத்தில், பேரரசின் கிழக்குப் பகுதி அக்கசாலைகளில், அதாவது காசடிக்கும் சாலைகளில், அடிக்கப்பட்ட வகை அது. ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாத காசுக்கு இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் காலம் குறிப்பது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் தேய்ந்த உரோமக் காசுகளில் முதலில் அழிவது எழுத்து. கடைசிவரை தாக்குப்பிடிப்பது உருவங்களின் எண்ணிக்கையும், உயரமும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியும். ஆகவே எழுத்தைத் தேடிக் கண்ணை வருத்திக்கொள்வதைவிட, உருவங்களின் அமைப்பை அளந்து பார்ப்பதே பலன் தரும்.

முதலில் மற்ற மூவர் சொன்னதையும் பார்த்துவிடுவோம். பியூ காசுகள் வெள்ளியால் ஆனவை, உங்கள் காசைவிட மிகப் பெரியவை. உதிக்கும் சூரியன், சங்கு, திருமறு (ஸ்ரீவத்சம்) போன்ற மங்கலச் சின்னங்களே அவற்றில் இருக்கும்; மனிதத் தலை இராது. பர்மாவின் தெற்கே தெனாசரிம் கரையில் கிடைக்கும் பழைய காசுகள் ஈயம் கலந்த வெள்ளீயத்தால் ஆன, கனத்த, அகன்ற வட்டுகள். புராண விலங்கு ஒன்று அவற்றில் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பர்மிய மன்னர் மிண்டோன் காலத்துக் காசென்றால் மயில் இருக்கும். கும்பினி 1803இல் பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் அடித்துச் சென்னைக்கு வரவழைத்த காசுகளில் சிங்கமும் கேடயமும் பாரசீக எழுத்தும் உண்டு, தலை கிடையாது. இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு சற்று ஏமாற்றக்கூடியது. ஏனெனில் அதில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உண்டு, தேய்ந்தபின் இரண்டும் கோடுகளின் கூட்டமாகத்தான் தெரியும். ஆயினும் அங்கே பக்கத்துக்கு ஓர் உருவமே. கழுத்தோடு வெட்டினாற்போன்ற பக்கவாட்டு முகம் ஒருபோதும் வராது. சங்ககாலப் பாண்டியர் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை. ஒரு பக்கம் பக்கவாட்டு முகம், மறுபக்கம் நிற்கும் உருவங்கள், செம்பு, ஒன்றரை கிராம் என்ற இந்தச் சேர்க்கை, தமிழகத்து ஆற்றங்கரைகளில் கிடைக்கும் காசுகளுக்குள் பிற்கால உரோமக் காசுகளையே சுட்டுகிறது.

எடையைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்ப் பொன் எடையில் ஒரு கியாட்டா 16.33 கிராம், அதில் 16 பே. எனவே ஒரு பே ஒரு கிராமுக்கு மிகச் சிறிதே அதிகம், உங்கள் ஒன்றரைப் பே என்பது ஏறத்தாழ 1.53 கிராம். நகைக்கடைத் தராசு இதற்கு மிக நல்ல கருவி. வீட்டுச் சமையல் தராசு இவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டாது. ஆனால் எடையையும் குறுக்களவையும் மட்டும் வைத்துக் காலம் குறிக்க முயலக் கூடாது. பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 294ஆம் ஆண்டளவில் நாணயத்தைச் சீர்திருத்தியபோது, சிறிது வெள்ளி கலந்த புதிய பெரிய செப்புக்காசு சுமார் பத்து கிராம் இருந்தது. 330 வாக்கில் அது இரண்டரை கிராமாகவும், 336க்குப் பிறகு ஒன்றே முக்கால் கிராமுக்கும் கீழாகவும் சுருங்கியது. 348இல் மீண்டும் பெரிய காசுகள் வந்தன, அவையும் சில ஆண்டுகளில் சிறுத்தன. ஆகவே 15 மில்லிமீட்டர் அளவுள்ள காசு 340ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், 407ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது பின்பக்கத்தின் நடுப்பகுதி ஒன்றுதான். அதனால் அங்கே சற்று அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

உங்கள் காசோடு மிக எளிதில் குழம்பக்கூடியது, பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் 330 முதல் 341 வரை கணக்கற்ற அளவில் வெளியிட்ட படைவீரர் வகை. அதில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். வெளிப்புறக் கையில் ஈட்டி, உட்புறக் கை கேடயத்தின்மேல். அவர்களுக்கு நடுவில் படைக்கொடிக் கம்பம் நிற்கும். 335 வரை இரண்டு கம்பங்கள், அதன்பின் ஒன்று. ஒற்றைக் கம்பம் உள்ள காசு நன்றாகத் தேய்ந்துவிட்டால், கம்பமும் அதன் உச்சியில் உள்ள சதுரக் கொடியும் சேர்ந்து மெலிந்த ஒரு மனிதனைப்போல நிற்கும். பார்ப்பவர் ‘மூன்று பேர்’ என்று எண்ணிவிடுவார். இதைத் தெளிவுபடுத்த மேல் விளிம்பைப் பாருங்கள். கம்பமாக இருந்தால் நடுவில் உள்ள உச்சி இருபுறத் தலைகளுக்குச் சமமாகவோ அவற்றைவிட உயர்ந்தோ இருக்கும். அந்த உச்சியில் அகலமும் கீழே போகப்போக ஒடுக்கமுமாக, அடியில் ஒரே ஒரு கோடாக இறங்கும். நடுவில் இருப்பது மனித உருவமாக இருந்தால் இது தலைகீழாகும்: தலை இருபுறத் தலைகளைவிடத் தாழ்ந்திருக்கும், அகலம் தோளில் இருக்கும், தரையைத் தொடும் இடத்தில் இரண்டு கால்கள் பிரிந்து தெரியும். மூன்று தலைகளையும் இணைத்து மனத்துக்குள் ஒரு கோடு இழுத்தால், அக்கோடு நடுவில் பள்ளமாக வளைய வேண்டும். நடுவுருவம் குட்டை என்று நீங்களே குறித்திருப்பதால்தான் நான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

குழப்பத்துக்கு இடமுள்ள வேறு வகைகளும் உண்டு. 408க்கும் 423க்கும் இடையில் வந்த காசுகளில் இரண்டு பேரரசர்கள் மட்டும் நிற்பார்கள், சிலவற்றில் இருவரும் ஓர் உருண்டையை நடுவில் பிடித்திருப்பார்கள். அந்த உருண்டையும் கைகளும் தேய்ந்தால் நடுவில் ஒரு மேடு மட்டும் எஞ்சும்; ஆனால் அது இடுப்பளவிலேயே நின்றுவிடும், தரைவரை இறங்காது. 347, 348ஆம் ஆண்டுகளின் காசுகளில் வெற்றித் தேவதையர் இருவர் மாலையேந்தி எதிரெதிரே நிற்பார்கள்; அவர்களுக்கு இறக்கை உண்டு, உடலின் வெளிப்புறக் கோடு முதுகில் புடைத்துத் தெரியும். 395 முதல் 401 வரையிலான ஒரு வகையில் பேரரசரின் பக்கத்தில் நின்று வெற்றித் தேவதை அவருக்கு முடிசூட்டுவாள். அங்கே உருவங்கள் இரண்டே, அவையும் உயரத்தில் சமமல்ல. விழும் குதிரை வீரனை ஈட்டியால் குத்தும் காட்சி, கைதியை இழுத்துச் செல்லும் காட்சி ஆகியவை நான்காம் நூற்றாண்டில் மிகப் பெருகியவை என்றாலும், அவற்றில் சாய்ந்த கோடுகளே மிகுதி. நேராக நிற்கும் மூவரோடு அவற்றைக் குழப்ப வாய்ப்பில்லை.

நடுவில் நிற்பவர் ஏன் குட்டை என்பதற்குக் காரணம் உண்டு. அவர் குழந்தை. கிழக்கே கான்ஸ்டன்டினோபிளில் ஆண்டவர் ஆர்க்கேடியஸ். மேற்கே ரவென்னாவில் இருந்தவர் அவருடைய தம்பி ஹொனோரியஸ். ஆர்க்கேடியஸின் மகன் இரண்டாம் தியடோசியஸ் 401 ஏப்ரலில் பிறந்தான். ஒரு வயதும் நிரம்பாமல், 402 சனவரியிலேயே அவனுக்குப் பேரரசர் பட்டம் சூட்டப்பட்டது. 406, 407ஆம் ஆண்டுகளில் அவனுக்கு ஐந்தாறு வயது. அக்கசாலையில் அச்சு வெட்டியவர்கள் தந்தையையும் சிறிய தந்தையையும் இருபுறமும் உயரமாக நிறுத்தி, நடுவில் ஈட்டி பிடித்த சிறுவனை நிறுத்தினார்கள். சுற்றிலும் ‘குளோரியா ரோமானோரும்’, அதாவது உரோமர்களின் புகழ், என்ற வாசகம் ஓடும். 408 மே மாதம் முதல் நாள் ஆர்க்கேடியஸ் இறந்தார். பேரரசர்கள் இருவரானார்கள், காசிலும் உருவங்கள் இரண்டாயின. மூவர் நிற்கும் காசு 408க்குப் பின் வர முடியாது என்று சொல்வதற்கு ஆதாரம் இந்த மரணமே. எழுத்தின் துணையின்றி இவ்வளவு நுட்பமாகக் காலம் சொல்ல இடம் தரும் காசுகள் மிகச் சில. உங்களுக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது.

இனி, எந்த அரசர் என்ற வினா. பின்பக்கத்தில் மூவரும் நிற்பதால் முன்பக்கத்துத் தலை மூவரில் எவருடையதாகவும் இருக்கலாம். கிழக்கு அக்கசாலைகள் மூவர் பெயராலும் இதே வகையை அடித்தன. முகத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்று நினைக்க வேண்டாம். இக்காலத்துக் காசு முகங்கள் ஆளைக் காட்டும் ஓவியங்கள் அல்ல. பட்டத்தைக் காட்டும் அடையாளங்கள். ஐந்து வயதுச் சிறுவனுக்கும் முப்பது வயதுத் தந்தைக்கும் ஒரே முகம்தான் வெட்டப்பட்டது: முத்துப் பதித்த பட்டை கட்டிய தலை, தோளில் போர்வை, அதன்கீழ் கவசம். பெயரைக் காட்டக்கூடியது தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளே. அவை அழிந்திருந்தாலும் ஒரு வழி இருக்கிறது.

கடிகார முகப்பை நினைவில் கொள்ளுங்கள். வாசகம் ஏழு மணி இருக்கும் இடத்தில், தோளுக்குப் பின்னால் தொடங்கி, தலைக்கு மேலாகச் சுற்றி, ஐந்து மணி இருக்கும் இடத்தில் முடியும். முதல் இரண்டு எழுத்துகள் டி, என் (D N). ‘நம் ஆண்டவர்’ என்பதன் சுருக்கம். அதன்பின் பெயர். கடைசியில் பட்டத்தைக் குறிக்கும் ஐந்து எழுத்துகள். ஆர்க்கேடியஸ் என்ற பெயருக்கு இலத்தீனில் எட்டு எழுத்து, ஹொனோரியஸுக்கும் எட்டு, தியடோசியஸுக்குப் பத்து. இவற்றில் முழு வட்டமான ஓ என்ற எழுத்துதான் தேய்ந்த காசில் மற்றவற்றைவிட எளிதில் கண்ணில் படும். நேர்க்கோட்டு எழுத்துகள் கீறல்களோடு கலந்துவிடும். ஆர்க்கேடியஸ் பெயரில் ஓ இல்லவே இல்லை. ஹொனோரியஸ் பெயரில் இரண்டாவதும் நான்காவதும் ஓ. தியடோசியஸ் பெயரில் நான்காவதும் ஆறாவதும். ஆகவே இடப்புற விளிம்பில் ஒரு சிறு வளையம் தெளிவாகத் தெரிந்தால் ஆர்க்கேடியஸை நீக்கிவிடலாம். இரண்டு வளையங்கள் தெரிந்து, அவை தாழ இருந்தால் ஹொனோரியஸின் பக்கம் சாயலாம். மேலே ஏறி உச்சந்தலைக்கு அருகில் இருந்தால் தியடோசியஸின் பக்கம். எந்த வளையமும் தெரியவில்லை என்பதற்காக ஆர்க்கேடியஸ் என்று முடிவு கட்டக் கூடாது, அழிந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் ‘மூன்று பேரரசர் வகை, முன்பக்கம் யாரென அறியவியலாது’ என்று எழுதி வைப்பதே நேர்மை. விற்பவர்கள் இவ்விடத்தில் துணிந்து ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து நாமும் செய்ய வேண்டியதில்லை.

காசின் இருபக்கத்து அச்சுகளும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலை நேராக நிற்கும்படி பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்க உருவங்கள் நேராகவோ முற்றிலும் தலைகீழாகவோ வருவது பிற்கால உரோமக் காசுகளின் பொது இயல்பு. இது முடிவான சான்று அல்ல; ஆனால் சரிவாக, தாறுமாறாக வந்தால் மேலும் ஒரு முறை யோசிக்க வேண்டும். இலங்கையிலும் இத்தகைய உரோமக் காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடிக்கப்பட்ட போலி வடிவங்களும் அங்கே உண்டு. அவை பெரும்பாலும் சிறியவை, எடை குறைந்தவை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். உருவங்கள் குச்சிகளாக மெலிந்திருக்கும். உங்கள் காசின் எடையும், தோளும் காலும் தெரிகின்றன என்ற விவரமும் அதை அசல் என்ற பக்கத்தில் வைக்கின்றன.

பாட்டனாரின் ஊர் வைகைக் கரை என்பது இங்கே தற்செயல் அல்ல. பிற்கால உரோமச் செப்புக்காசுகள் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்த இடங்கள் கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையும், மதுரையில் வைகைப் படுகையும். இவ்விரு இடங்களில் கிடைத்தவற்றை நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தொகுத்து ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார். வைகை கடலோடு சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இரண்டாம் வாலன்டினியன், தியடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகியோர் காசுகள் வெளிப்பட்டன. ஆற்று மணலில் நூற்றாண்டுக் கணக்காக உருண்ட காசு வழவழப்பாகத் தேய்வது இயல்பே. மதுரைப் பக்கத்தில் ஆற்று மணலைச் சலித்துப் பழங்காசு பொறுக்குகிறவர்களிடமிருந்து இத்தகையவை கைமாறுவதும் நெடுநாள் வழக்கம். உங்கள் பாட்டனார் பர்மாவுக்குக் கப்பல் ஏறியபோதே இது அவர் முடிச்சில் இருந்திருக்கக்கூடும் என்பது பொருத்தமான ஊகமே.

இவ்விடத்தில் நம்மவர்கள் உடனே சங்க இலக்கியத்து யவனரிடம் தாவிவிடுவார்கள். அகநானூற்றின் 149ஆம் பாட்டு, பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலங்களை முசிறியில் நிறுத்திக் காட்டுகிறது. அந்த வணிகத்தின் செழிப்புக் காலம் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகள். அதன் தடயங்கள் கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த பொன், வெள்ளிக் காசுகள். உங்கள் செப்புக்காசு அதற்கு முந்நூறு ஆண்டுகள் பிந்தியது. பாண்டி நாட்டில் களப்பிரர் ஆட்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலம் அது. இரண்டையும் ஒரே கதையாகக் கட்டுவது கேட்க நன்றாக இருக்கும், உண்மையாக இராது. பொன் நாணயம் பெரு வணிகத்தின் விலைப்பொருள். இந்தச் சிறு செம்பு சில்லறை. கடல் கடந்து வந்த சில்லறை இங்கே அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் நீண்ட நாள் புழங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அதன் தேய்மானமும் ஒரு சான்று. ஆற்று நீர் தேய்த்தது எவ்வளவு, மனிதர் கை தேய்த்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனாலும் மிளகுக்கும் இக்காசின் காலத்துக்கும் வேறொரு தொடர்பு உண்டு. அச்சு மாறிய அதே 408இல் கோத்தியத் தலைவன் அலாரிக் உரோமை நகரை முற்றுகையிட்டு, விலகிச் செல்லக் கேட்ட பணயத்தில் 5,000 இராத்தல் பொன்னோடு 3,000 இராத்தல் மிளகும் சேர்ந்திருந்தது. நம் மேற்குக் கரையின் மிளகு அப்போதும் உரோமைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

காசு பர்மா மண்ணிலேயே கிடைத்ததாக இருக்கலாமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்கிழக்காசியாவில் உரோமக் காசு அறவே வராத ஒன்று அல்ல. தாய்லாந்தின் ஊதோங்கில் மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் விக்டோரினஸின் செப்புக்காசு கிடைத்திருக்கிறது. வியட்நாமின் ஒக் இயோவில் அந்தோனினஸ் பயஸ் காலத்துப் பொற்பதக்கம் கிடைத்திருக்கிறது. இவை எண்ணிச் சொல்லும் அளவுக்கு அரியவை. மோல்மேனுக்கு வடக்கே உள்ள தட்டோன் பழைய துறைமுகம் என்பதை வைத்து உங்கள் காசை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட, ஆயிரக்கணக்கில் கிடைக்கும் வைகைக் கரையோடு சேர்ப்பதே முறை.

அடுத்து, புளி. அருள்கூர்ந்து வேண்டாம். பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினால் பளபளக்கிறது; காரணம், புளியின் அமிலம் மேலிருக்கும் களிம்பைக் கரைத்து உள்ளே நல்ல உலோகத்தை வெளிக்காட்டுகிறது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த காசில் நிலைமை வேறு. அதன் மேல்பரப்பில் இருந்த உலோகமே உருமாறிப் படலமாகிவிட்டது. தலையும் உருவங்களும் எழுத்தின் மிச்சமும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. படலத்தைக் கரைத்தால் கீழே இருப்பது மேடுபள்ளமான செந்நிறத் தகடு மட்டுமே. எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் மெருகுப் பசை எல்லாம் இதே கேட்டைச் செய்யும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றி, கூர் மழுங்கிய மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெகிழ்த்துங்கள். ஊசி, கத்தி, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. எண்ணெயிலும் மெல்லிய அமிலம் இருப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

களிம்பிலும் நல்லது கெட்டது உண்டு. இறுகிய, மினுமினுப்பான கரும்பச்சையோ பழுப்போ காசைக் காக்கும் போர்வை. வெளிர்பச்சையாக, மாவுபோல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்கல நோய். காசுக்குள் தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகிச் செம்பை அரிக்கிறது. அரிப்பில் மீண்டும் குளோரைடு பிறந்து அடுத்த சுற்றைத் தொடங்குகிறது. மதுரையின் வறண்ட காற்றில் உறங்கிக் கிடக்கும் இந்த நோய், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மோல்மேனில் விழித்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் காசை நன்றாக உலர்த்தி, இறுக மூடும் சிறு கண்ணாடிப் புட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வையுங்கள். மணிகளை அவ்வப்போது மாற்றுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பலவும் நாளடைவில் அமிலம் கசியவிடும் பீ.வீ.சீ. வகை, அவற்றைத் தவிர்த்து அமிலமற்ற தாளில் பொதியுங்கள். மாவுப் புள்ளிகள் ஏற்கெனவே இருந்தால் வீட்டு மருத்துவம் செய்யாமல், அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விலையைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. இவ்வகைக் காசுகள் உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை, தேய்ந்தவை இன்னும் மலிவு. போலி செய்யும் உழைப்புக்குக்கூட விலை தேறாது என்பதால், உங்களுடையது அண்மைக் காலப் போலியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. விளிம்பைச் சுற்றி வார்ப்புத் தையல் கோடோ, பரப்பில் குமிழிக் குழிகளோ இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இந்நாட்டில் தொல்பொருள் பாதுகாப்புக்கென 2015இல் சட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமோ விற்கும் எண்ணமோ இருந்தால், முதலில் தொல்லியல் துறையில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எஞ்சியிருப்பது எந்த அக்கசாலை என்ற வினா. மூவரும் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே, விளிம்புக்கு மேலே, குறுகிய பிறைவடிவ இடம் ஒன்று உண்டு. அங்கே மூன்று முதல் ஐந்து எழுத்துகள் இருக்க வேண்டும்: ஏ, எல், இ என்று தொடங்கினால் அலெக்சாந்திரியா, ஏ, என், டி (ANT) என்றால் அந்தியோக்கியா, எஸ், எம், கே என்றால் சிசிகஸ், எஸ், எம், என் என்றால் நிக்கோமீடியா, சி, ஓ, என், எஸ் என்றால் கான்ஸ்டன்டினோபிள். கடைசியில் வரும் ஒற்றைக் கிரேக்க எழுத்து, அந்த அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்பதைக் காட்டும். இடநெருக்கடியால் இப்பகுதி பல காசுகளில் அச்சுக்கு வெளியே போய்விடும். ஆனாலும் பள்ளத்தில் இருப்பதால், காசில் விழுந்த பகுதி தேயாமல் நிற்பதும் உண்டு.

அதைப் பார்க்க, இருண்ட அறையில் காசைக் கருந்துணிமேல் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில், ஏறத்தாழ மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். நேர்மேலிருந்து விழும் ஒளியில் தட்டையாகத் தெரிவது, இந்தச் சாய்ந்த ஒளியில் நிழல் கொண்டு எழும். கைப்பேசியை அசையாமல் ஊன்றி வைத்து, விளக்கை மட்டும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைக்கும் நகர்த்தி, பக்கத்துக்கு நான்கு படம் எடுங்கள். பின்பக்கத்தின் அடிப்பகுதிக்கும், முன்பக்கத்தின் இட விளிம்புக்கும் நெருக்கமான படங்கள் தனியாக வேண்டும். அருகில் ஓர் அளவுகோல் தெரியட்டும். படங்களைத் திருத்தி மெருகேற்றாமல் அப்படியே அனுப்புங்கள். பெயரில் வளையம் இருக்கிறதா, பிறைக்குள் எழுத்து இருக்கிறதா என்பதை அவற்றில் பார்த்துச் சொல்கிறேன்.